நெஞ்சோடு பேசும் முறை

மனிதன் வாய் மூடியிருக்கும் வேளையிலும் அவனுடைய பேச்சு நின்றுவிடுவதில்லை. மேடை ஏறுவதற்கு முன்பும், பரீட்சை மண்டபத்துள் நுழைவதற்கு முன்பும், நியாயாதிபதியின் முன் எழுந்து நிற்பதற்கு முன்பும் அவனுக்குள்ளே ஒரு குரல் பேசத் தொடங்குகிறது. 'உன்னால் ஆகாது, சபை நடுவே நாக்குக் குழறும், நாலு பேர் நகைப்பார்கள்' என்று அக்குரல் அச்சுறுத்துகிறது. கோர்ட்டிலே எதிர்க்கட்சி வக்கீல் எவ்வளவு கடுமையாகப் பேசினாலும், பதில் சொல்வதற்கு நமக்கும் ஒரு முறை உண்டு. உள்ளத்தில் நடக்கும் இந்த வழக்கிலோ பிரதிவாதி பெரும்பாலும் ஆஜராவதே இல்லை. சந்தேகம் என்னும் வாதி தன் கட்சியை மட்டும் எடுத்துரைத்து, எக்ஸ்பார்ட்டி டிக்ரி வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

இதனால் நேரும் நஷ்டம் அற்பமன்று. விஷய ஞானமும் நல்ல நோக்கமும் உள்ள எத்தனையோ பேர் பொதுக்கூட்டங்களில் பின்வரிசையிலேயே உட்கார்ந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே எழுந்து போகிறார்கள். அவர்கள் விட்ட இடத்தை, அறிவிலும் குறைந்து கூச்சத்திலும் குறைந்தவர்கள் நிரப்பிவிடுகிறார்கள். ஊர்க் காரியமும் தேசக் காரியமும் அன்னார் கைக்குப் போகின்றன. ஆகவே, ஒருவன் தன் நெஞ்சோடு எப்படிப் பேசுகிறான் என்பதை அவனுடைய சொந்த விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. பொது வாழ்வின் நலமும் அதில் அடங்கியிருக்கிறது.

'என்னால் முடியும் என்று தினந்தோறும் சொல்லிக்கொள். முடிந்துவிடும்' என்று உபதேசிக்கும் புஸ்தகங்களுக்குக் குறைவில்லை. அவ்வுபதேசம் எவ்வளவு தூரம் உண்மை? அது பலன் தருவது எப்போது? கெடுதி செய்வது எப்போது? இவற்றைச் சற்று நிதானமாக விசாரிப்பது நலமென்று கருதுகிறோம்.

மருந்துக் கடைக்காரரின் மந்திரம்

இவ்விஷயத்தில் உலகப் பிரசித்தி பெற்றவர் பிரெஞ்சு தேசத்து எமீல் கூவே. 1857ல் த்ருவா என்னும் நகரில் பிறந்த இவர், அவ்வூரிலேயே மருந்துக் கடை வைத்து நடத்தியவர். மருந்தைச் சும்மா எடுத்துக் கொடுப்பதைவிட, அதன் குணத்தைப் புகழ்ந்து இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் நோயாளிகள் விரைவில் தேறுவதை இவர் கவனித்தார். மருந்து செய்த வேலை எவ்வளவு, வார்த்தை செய்த வேலை எவ்வளவு என்ற ஆராய்ச்சி அங்கே பிறந்தது. நான்ஸி நகரத்தில் மனோவசிய சிகிச்சை செய்துவந்த லியேபோ என்ற வைத்தியரிடம் சென்று அவ்வித்தையையும் பயின்றார். பிறகு, ஒருவனை மற்றொருவன் வசியம் செய்வானேன், அவன் தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் போதாதா என்ற முடிவுக்கு வந்தார். 1910ல் நான்ஸியில் குடியேறி, தம்மை நாடி வந்தவர்களுக்கெல்லாம் கூலி வாங்காமல் அம்முறையைக் கற்பித்தார்.

முறை வெகு சுலபம். காலையில் கண் விழித்தவுடனும், இரவில் கண் அயர்வதற்கு முன்பும், தாம் நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் மேன்மேலும் நலமடைந்து வருவதாக, உதடு அசையும்படி இருபது தடவை சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறாதிருக்க இருபது முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று. ஜபமாலை உருட்டும் நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் மகாயுத்தம் முடிந்த பிறகு அந்த வாக்கியம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வெகுவாகப் பரவிற்று. 1923ல் கூவே அமெரிக்காவுக்கே சென்று பிரசங்கங்கள் செய்தார். மெய்ம்மறந்து நம்பியவர்களும் உண்டு. பரிகாசம் செய்தவர்களும் உண்டு. 1926ல் அவர் காலமானார்.

பரிகாசம் செய்தவர்கள் கவனியாத நுட்பம் ஒன்று அவர் போதனையில் இருந்தது. தரையில் கிடக்கும் ஒரு பலகையின்மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடக்கச் சொன்னால் எவனும் நடப்பான். அதே பலகையைக் கோவில் கோபுர உயரத்தில் வைத்து நடக்கச் சொன்னால் கால் நடுங்கும். பலகையின் அகலம் குறையவில்லை. காலின் பலமும் குறையவில்லை. விழுந்துவிடுவோம் என்ற சித்திரம் மட்டும் மனத்தில் புதிதாக எழுந்திருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எவ்வளவு உறுதி செய்தாலும், உறுதிக்கும் மனச் சித்திரத்துக்கும் போர் மூண்டால் சித்திரமே ஜயிக்கும் என்பது கூவேயின் சித்தாந்தம். ஆகையால்தான், தம் வாக்கியத்தைச் சிரமமின்றி, குழந்தை பாடம் ஒப்பிப்பதுபோல், சொல்ல வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார்.

இதன் உண்மை நம் ஊர்ப் பாட்டிமாருக்கும் தெரியும். மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று சொல்லப்பட்டவனுக்குக் குரங்கைத் தவிர வேறென்ன நினைவு வரும்? அமெரிக்க மனோதத்துவ நிபுணர் டேனியல் வெக்னர் 1987ல் இதையே குரங்குக்குப் பதிலாக வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார். ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருங்கள், நினைவு வந்தால் மணியை அடியுங்கள் என்று மாணவர்களிடம் கூறினார். மணி ஓயாமல் ஒலித்தது. 'நடுங்காதே, குழறாதே, மறந்துவிடாதே' என்று தன் நெஞ்சை அதட்டுகிறவனும் இம்மாணவர்களின் நிலையிலேயே இருக்கிறான். எதை விலக்க விரும்புகிறானோ அதற்கே அவன் நடு முற்றத்தில் ஆசனம் போட்டுக் கொடுக்கிறான்.

நம்பாத புகழ்ச்சியால் வரும் கேடு

சரி, 'நடுங்காதே' என்பதை விட்டு 'நான் மகா சமர்த்தன்' என்று சொல்லிக்கொண்டால் என்ன? கூவேயின் வழித்தோன்றல்கள் பலர் இதைத்தான் சிபார்சு செய்கிறார்கள். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கானடாவில் வாட்டர்லூ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜோவான் உட் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2009ல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. தாம் பிறர் அன்புக்குரியவர் என்ற கருத்துள்ள ஒரு வாக்கியத்தை, மணி ஒலிக்கும் போதெல்லாம் மனத்துக்குள் சொல்லுமாறு சிலரை ஏவினார்கள். ஏற்கெனவே தம்மிடம் மதிப்புடையவர்களுக்கு அதனால் சிறிது உற்சாகம் உண்டாயிற்று. தம்மைத் தாழ்வாக எண்ணியிருந்தவர்களோ, அவ்வாறு சொல்லாமல் சும்மா இருந்த அவர்களைப் போன்றவர்களைவிட அதிக மனச்சோர்வு அடைந்தார்கள். மருந்து யாருக்கு வேண்டுமோ அவருக்கே அது விஷமாயிற்று.

காரணம் விளங்காததன்று. ஆதாரமில்லாத அபிடவிட்டைத் தாக்கல் செய்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருப்பாரா? 'நான் சிங்கம்' என்று உதடு சொன்ன மறுகணமே, உள்ளிருக்கும் சந்தேகம் குறுக்கு விசாரணைக்கு எழுந்துவிடுகிறது. 'போன கார்த்திகையில் அந்தக் கூட்டத்தில் நீ எப்படி விழித்தாய்? அதற்கு முந்திய வருஷம் என்ன ஆயிற்று?' என்று பழைய கட்டுகளை அவிழ்த்துக் காட்டுகிறது. ஒன்றும் சொல்லாதிருந்தால் எழுந்திராத சாட்சிகளெல்லாம் கூண்டிலேறி நம்மைக் குற்றவாளியாக்குகின்றன. எனவே முதல் விதி இது: நெஞ்சு நம்ப மறுக்கும் வார்த்தையை அதற்குச் சொல்லலாகாது. பிறரிடம் பொய் சொல்லித் தப்பியவர்கள் இருக்கலாம். தன்னிடம் பொய் சொல்லி எவனும் வெகு நேரம் தப்பியதில்லை.

இனிய கனவுகளின் கதியும் இதுவே. காப்ரியேல் ஓயட்டிங்கன் என்ற ஜெர்மானியப் பேராசிரியை 2002ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பட்டம் பெற்று உத்தியோகம் தேடும் இளைஞர்கள் இரண்டு வருஷம் கவனிக்கப்பட்டார்கள். நல்ல உத்தியோகம் கிடைத்துவிட்டதாக அடிக்கடி கனவு கண்டு மகிழ்ந்தவர்களுக்கு வந்த அழைப்புகளும் குறைவு, சம்பளமும் குறைவு. தம் முந்திய அனுபவத்தை எடைபோட்டு, வேலை கிடைக்கக்கூடும் என்று எதிர்பார்த்தவர்களோ முன்னேறினார்கள். கனவிலே விருந்து உண்டவன் அடுப்பு மூட்ட எழுந்திருப்பதில்லை. வெற்றி விழாவையே எண்ணிக்கொண்டிருக்கும் பொதுஜன ஊழியர்கள் இந்த வித்தியாசத்தை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பலிக்கும் வார்த்தைகள்

அப்படியானால் தன்னோடு பேசுவது வீண்தானா? அன்று. பேசும் முறை தெரிந்து பேசினால் பலன் உண்டு என்பதற்கும் சான்றுகள் இருக்கின்றன.

முதலாவது, யாருக்குச் சொல்லுகிறோம் என்பது. அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலைப் பேராசிரியர் ஈதன் கிராஸும் அவருடைய சகாக்களும் 2014ல் ஏழு சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்றில், ஐந்தே நிமிஷ அவகாசம் கொடுத்து, பரீட்சகர்கள் முன்னிலையில் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். தங்கள் கலக்கத்தைப் பற்றி யோசிக்கையில் சிலர் 'நான்' என்று எண்ணும்படியும், சிலர் தம்மைத் தாமே பெயர் சொல்லி அழைத்து 'நீ' என்று எண்ணும்படியும் ஏவப்பட்டார்கள். பெயர் சொல்லி அழைத்துக்கொண்டவர்களே நன்றாகப் பேசினார்கள். பேசி முடிந்த பிறகு வெட்கி மறுகுவதும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. நண்பனுக்கு ஒரு சங்கடம் வந்தால் நமக்கு யோசனை தெளிவாகத் தோன்றுகிறது. நமக்கே வந்தால் புத்தி கலங்குகிறது. தன்னையே நண்பனாகப் பாவித்து எட்ட நிறுத்திப் பேசுவதால் அந்தத் தெளிவில் ஒரு பகுதி நமக்கும் கிடைக்கிறது.

இம்முறை புதிதன்று. 161 முதல் 180 வரை ரோமாபுரியை ஆண்ட சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ், யுத்தங்களுக்கு இடையே கிரேக்க பாஷையில் எழுதி வைத்த குறிப்புகளுக்கு 'தனக்குத் தானே' என்ற பொருளுள்ள தலைப்பு வழங்கிவருகிறது. அவற்றில் அவர் தம்மை 'நீ' என்றே விளித்து, புத்தி சொல்லிக்கொள்கிறார். தமிழர்க்கோ இது பிறவிச் சொத்து. சங்கப் பாட்டில் பொருள் தேடப் பிரிய நினைக்கும் தலைவன் தன் நெஞ்சை விளித்து வாதாடுகிறான். திருக்குறளில் தலைவி தன் உள்ளத்தோடு பேசுவதற்கென்றே நெஞ்சொடு கிளத்தல் என்று ஓர் அதிகாரம் அமைந்திருக்கிறது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் நெஞ்சை எதிரே நிறுத்தி இரந்தும், இடித்தும், தட்டிக்கொடுத்தும் பாடினார்கள். நெஞ்சு நாம் அன்று, நம்மோடு வாழும் ஒரு துணை என்று பாவிக்கும் இந்த மரபைக் காதலுக்கும் பக்திக்கும் மட்டும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. மேடைக்கும் கோர்ட்டுக்கும் போகும்போது உடன் அழைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, என்ன சொல்லுகிறோம் என்பது. கிரீஸ் தேசத்தில் தெஸ்ஸலி சர்வகலாசாலையைச் சேர்ந்த அறிஞர்கள், விளையாட்டு வீரர்கள் தமக்குள் பேசிக்கொள்வது பற்றி அதுவரை நடந்திருந்த 32 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2011ல் பரிசீலித்தார்கள். அவ்வாறு பேசிப் பழகுவதால் ஆட்டத் திறமை மிதமான அளவில் உயருகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. கையும் கண்ணும் நுட்பமாக வேலை செய்ய வேண்டிய காரியங்களில், 'உன்னால் முடியும்' என்ற உற்சாக மொழியைவிட, 'பந்தைப் பார், தோளைத் தளர்த்து' என்பது போன்ற கட்டளை மொழியே அதிகப் பயன் தந்தது. பேச்சு மேடைக்கும் இது பொருந்துமென்பது நம் அபிப்பிராயம். 'நீ பெரிய பேச்சாளி' என்பதைவிட 'முதல் வாக்கியத்தை நிதானமாகச் சொல். கடைசி வரிசையில் இருப்பவனைப் பார்த்துப் பேசு. மூன்று விஷயங்கள், மூன்றையும் வரிசையாகச் சொல்' என்பதே நல்ல வார்த்தை. இவை பொய்யாக முடியாதவை. சந்தேகம் இவற்றைக் குறுக்கு விசாரணை செய்ய இடமில்லை. ஏனெனில் இவை தன்னைப் பற்றிய பெருமை அல்ல, செய்ய வேண்டிய வேலை.

மூன்றாவது, படபடப்புக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பது. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆலிஸன் உட் புரூக்ஸ் 2014ல் இதை ஆராய்ந்தார். பேசப் போகிறவர்களில் சிலரைத் தாம் சாந்தமாயிருப்பதாகவும், சிலரைத் தாம் உற்சாகமாயிருப்பதாகவும் வாய்விட்டுச் சொல்லச் செய்தார். உற்சாகம் என்று சொன்னவர்களே அதிக நேரம் பேசினார்கள். கேட்போர் மனத்தில் நன்கு பதியவும் பேசினார்கள். மார்பு அடித்துக்கொள்ளும்போது 'நான் சாந்தமாயிருக்கிறேன்' என்றால் அது பொய் என்று உடம்பே சாட்சி சொல்லிவிடும். பயத்திலும் மார்பு அடிக்கும். உற்சாகத்திலும் மார்பு அடிக்கும். ஆகவே, 'இது வேலைக்கு ஆயத்தமான உடம்பின் வேகம்' என்று சொன்னால் உடம்பு மறுப்பதில்லை.

சந்தேகத்தின் நியாயமான பங்கு

இவ்வளவும் சொன்ன பிறகு சந்தேகத்தின் கட்சியிலும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 'நீ தயாராகவில்லை' என்று உள்ளம் சொல்லும்போது, சில சமயங்களில் அது உண்மையே சொல்லுகிறது. கட்டைப் பிரித்துப் படியாமல் கோர்ட்டுக்குப் போகும் வக்கீலுக்கும், கணக்கைப் பாராமல் பட்ஜெட்டைக் கண்டிக்க எழும் அங்கத்தினருக்கும் நடுக்கம் வருவது நியாயமே. அந்த நடுக்கத்துக்கு மருந்து மந்திரமன்று, படிப்பு. வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், தன் வலியை மிகையாக எண்ணிக் கெட்டவர்களைப் பற்றியும் அதில் எச்சரித்திருக்கிறார். சந்தேகத்தின் வாயை அடைப்பது நம் நோக்கமன்று. அதைச் சாட்சிக் கூண்டிலேற்றி, 'உன் ஆதாரம் என்ன?' என்று கேட்க வேண்டும். ஆதாரம் காட்டினால் குறையைத் திருத்திக்கொள்வோம். காட்டாவிட்டால் தள்ளுபடி செய்வோம்.

காந்தியடிகளின் வாழ்க்கையில் இதற்கு ஒரு பாடம் உண்டு. 1891ல் பாரிஸ்டராகத் திரும்பி வந்த பின், பம்பாய் ஸ்மால்காஸ் கோர்ட்டில் முப்பது ரூபாய் பீஸுக்கு முதல் வழக்கை அவர் ஒப்புக்கொண்டார். குறுக்கு விசாரணைக்கு எழுந்தார், தலை சுழன்றது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார், பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறினார். இதைப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அவரே ஒளியாமல் எழுதியிருக்கிறார். அதே மனிதர் 1893ல் பிரிட்டோரியா நகரத்தில், அங்கிருந்த இந்திய வியாபாரிகளின் கூட்டத்தில், தம் வாழ்நாளின் முதல் பொதுப் பிரசங்கத்தைச் செய்தார். வியாபாரத்தில் சத்தியம் என்பது விஷயம். அதற்கு ஓரளவு தயார் செய்துகொண்டே போனதாகக் கூறுகிறார். பம்பாயில் அவர் கவனம் தம்மைப் பற்றியிருந்தது. பிரிட்டோரியாவில் சொல்ல வேண்டிய செய்தியைப் பற்றியும் கேட்க வேண்டிய மக்களைப் பற்றியும் இருந்தது என்று நாம் கருதுகிறோம். நாவன்மையை விரும்பியவருக்கு வாய் அடைத்தது. சொல்லியே தீர வேண்டிய விஷயம் கிடைத்தவருக்கு வாய் திறந்தது.

இன்னொன்றையும் மறைப்பதற்கில்லை. மேலே கூறிய சோதனைகள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்களை வைத்து நடந்தவை. அவற்றில் கண்ட பலனும் மிதமானதே. வார்த்தை மலையைப் பெயர்த்துவிடாது. மாதக்கணக்கில் மனம் இருண்டு, உணவும் உறக்கமும் கெட்டவனிடம் 'தைரியமாய் இரு' என்பது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வது போன்றது. அவனுக்கு வேண்டியவர் வைத்தியர். கூலி கிடைக்காதவனிடமும், படிக்கப் பள்ளியில்லாத பிள்ளையிடமும், 'உன் எண்ணம்தான் உன்னைத் தாழ்த்துகிறது' என்று உபதேசிப்பது அநியாயத்துக்குத் துணை போவதாகும். வெளியில் இருக்கும் விலங்கை வெளியில்தான் உடைக்க வேண்டும். அதை உடைக்க எழும் கை நடுங்காதிருப்பதற்கே உள்ளத்துக்குச் சொல்லும் வார்த்தை உதவும்.

நாளைக்கு ஒரு கூட்டத்தில் பேச வேண்டியிருக்கும் இளைஞருக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. இன்று இரவு விஷயத்தை நன்றாகப் படியுங்கள். நாளைக் காலையில் உள்ளிருக்கும் வக்கீல் எழுந்தால், அவனை விரட்டவும் வேண்டாம், அவன் முன்னே வீரம் பேசவும் வேண்டாம். உங்கள் பெயரை நீங்களே சொல்லி அழைத்து, ஒரு தமையன் தம்பிக்குச் சொல்வதுபோல், 'நீ இதைப் படித்திருக்கிறாய்; சொல்ல வேண்டியவை மூன்று; முதலாவதை நிதானமாகத் தொடங்கு' என்று சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து தொடங்குங்கள். முதல் தடவை குரல் நடுங்கினாலும் பாதகமில்லை. அடுத்த தடவை சந்தேகம் வழக்காட வரும்போது, நீங்கள் ஒருமுறை எழுந்து நின்று பேசினீர்கள் என்பதே உங்கள் கட்சியில் எவரும் மறுக்க முடியாத சாட்சியாக நிற்கும்.